நவம்பர் இருபத்துமூன்றை வைத்திருப்பவள்

அன்று காலை நூலக வாசலில் ஸ்டூல் மேல் நின்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பு வெள்ளைப் பெயின்ட்டில் எப்போதும் இருப்பது. அதற்குக் கீழே அன்றன்றைய செய்தியை சாக்பீஸால் எழுதுவது பெரியமடை கிளை நூலகராகிய என் வேலை. மழை தூறிக்கொண்டிருந்தது. தேதி நவம்பர் 23.

'1889: அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், காசு போட்டால் பாடும் பெட்டி முதன்முதலாக வைக்கப்பட்டது. 1937: செடிகொடிகளின் துடிப்பைக் கருவியில் காட்டிய ஜகதீச சந்திர போஸ் மறைந்தார்.'

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. என் மகள் பிரமு, எட்டு வயது, ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சாக்பீஸை உள்ளங்கையில் உரசிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியில காசு போட்டா நாம கேக்குத பாட்டப் பாடுமா, அது பாடுததத்தான் நாம கேக்கணுமா?"

"அது பாடுததத்தான்."

"அப்ப நம்ம கோயில் ரேடியோ செட்டு மாதிரிதான். இதுக்கு எதுக்குக் காசு?"

சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்த என் கணவர் நயினார் சிரித்தார். அவர் பம்ப்செட் மெக்கானிக். ஒருமுறை பெல்ட்டில் சிக்கி, வலது கை ஆள்காட்டி விரல் பாதியோடு போய்விட்டது. "ஒம் மக கேள்விக்கு அந்த அமெரிக்காக்காரன் பதில் சொல்லட்டும். நீ எறங்கு உலகு," என்றார்.

இறங்கும்போது தடுமாறினேன். பிரமு சட்டென்று என் முதுகில் கையைக் கொடுத்துத் தாங்கினாள். பச்சைச் சேலையில், இடது தோளுக்குக் கீழே, ஐந்து விரலும் விரிந்த சின்ன வெள்ளைத் தடம் பதிந்தது. கொண்டை நெகிழ்ந்து பின்கழுத்தில் கிடந்தது. அவள் ஒரு சாக்பீஸ் துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறினாள். பிரேக் ரப்பர் நனைந்துபோய், பிடித்தால் வழுக்கியது. நான் எழுத்துப்பிழை பார்த்தபடி பலகைப் பக்கமே திரும்பி நின்றேன்.

எங்கள் வாழ்க்கையில் கடைசியாக நடந்த சாதாரணமான காரியம் அது. மத்தியானம் குளம் உடைந்தது.

பெரியமடை திருநெல்வேலிக்குத் தெற்கே இருக்கிறது. ஊருக்கு மேலே குளம். குளத்துக் கரைக்குக் கீழே எங்கள் கீழத்தெருவும் மேலத்தெருவும். தண்ணீர் வந்தது, நின்றது, வடிந்தது. இவ்வளவும் ஒரே பகலில். கீழத்தெருவில் ஆள் போகாத வீடு ஒன்றோ இரண்டோதான். ரேஷன் கடைக்குப் பின்னாலிருந்த வாழைத்தோட்டத்தில், மறுநாள், பிரமுவை எடுத்தார்கள்.

மிஞ்சியவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். சோறு வந்தது, யாரும் சாப்பிடவில்லை. நயினார் வாயே திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வலது கையை மூடுவார், திறப்பார், மறுபடி மூடுவார். பேச்சி மதினி, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, தன் வீட்டு ஓட்டுக்கூரை சரிந்த சத்தத்தை வாயாலேயே செய்துகொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

காரியம் முடிவதற்குள் சென்னையிலிருந்து டாக்டர் வைதேகி தன் ஆட்களோடு வந்தார். மண்டபத்து மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்.

"போன ஒருத்தரை உங்க மனசுல இருந்து எடுக்க முடியாது. அவங்க எல்லா நாள்லயும் இருக்காங்க. ஆனா ஒரு நாளை எடுக்கலாம். அந்த ஒரு நாளை மட்டும். செடியைப் பிடுங்கினா வேரோட மண்ணும் வர்ற மாதிரி, அந்த நாளைப் பத்தி அப்புறம் நீங்க நினைச்சதும் பேசினதும் கூடவே வந்துடும்."

"எடுத்து எங்க போடுவிய?" என்று கேட்டார் சண்முகவேல் அண்ணாச்சி. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவருடைய அம்மாவும் தம்பியும் போயிருந்தார்கள்.

"அதுதான் சிக்கல். ஆரம்பத்துல சும்மா எடுத்து அழிச்சுப் பார்த்தோம். அவங்க தூங்கவே இல்ல. எதையோ தொலைச்ச மாதிரி வீடு முழுக்கத் தேடிட்டே இருந்தாங்க. எடுத்த நாள் இன்னொரு மூளைக்குள்ள போய்ச் சேரணும். அப்பதான் கொடுத்தவங்களுக்கு அமைதி. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"மடையத் தொறந்தா தண்ணி போய் நிக்க ஒரு வயக்காடு வேணும்லா," என்ற அண்ணாச்சி, சொல்லக்கூடாததைச் சொன்னவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ ஒருத்தி எல்லாத்தையும் சொமக்கணும்?" என்றாள் பேச்சி மதினி.

"தெருவுக்கு ஒருத்தர் போதும்."

"சொமதாங்கிக் கல்லுன்னு சொல்லுங்க."

எங்கள் பக்கம், வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடி செத்துப்போனவளின் பெயரால் வழியோரம் கல் நாட்டுவார்கள். போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறலாம். அன்று முதல் அந்த வேலைக்கு அதுவே பெயராகிவிட்டது.

டாக்டர் சோதனைகள் செய்து, இழப்பு இல்லாத வெளியூர்க்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். தெரு ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க நாள ஊரான் கையில குடுக்க மாட்டோம். அம்மன் சொல்லட்டும்," என்றார்கள். கல்யாணமா, கிணறு தோண்டுவதா, எதுவானாலும் பூக்கட்டிப் பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம். சாவுத் தீட்டோடு கோயிலுக்குள் போக முடியாது. அதனால் பூசாரியே மண்டபத்து வாசலுக்கு வந்தார். வெற்றிலைக்குள் பூவை வைத்து நூல் சுற்றிய பொட்டலங்கள். எல்லாம் வெள்ளை அரளி, ஒன்று மட்டும் செவ்வரளி. வயது வந்தவர்கள் வரிசையாக ஒவ்வொன்றை எடுத்தார்கள்.

சிவப்பு என் பொட்டலத்தில் இருந்தது.

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "இவங்க வேண்டாம். குழந்தையை இழந்தவங்க. தாங்க மாட்டாங்க."

"அம்மன் சொன்னத மாத்தப்பிடாதும்மா," என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் நிம்மதி இருந்தது. அவர் பூ வெள்ளை.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாரும் மறந்துவிட்டால், அன்று தண்ணீருக்குள் பிரமு இருந்தாள் என்பது ஒரு செய்தியாக மட்டும் ஆகிவிடும் என்று பயந்தேன். அவளுடைய கடைசி நேரம் எந்தக் கண்ணில் துண்டு துண்டாகக் கிடந்தாலும் அது எனக்கு வேண்டியிருந்தது. சரி என்று சொன்னேன்.

மண்டபத்தின் மணமகள் அறையில்தான் அது நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். வெளியே வரும்போது, சலூனிலிருந்து வருகிறவர்களைப் போலத் தலையைத் தடவிக்கொண்டு வருவார்கள். பேச்சி மதினி சத்தம் செய்வதை நிறுத்தினாள். நயினார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பல நாள் கழித்து அப்போதுதான் வாய் திறந்தார்.

"பிரமு எங்க?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "ஆமா. சொன்னாவ. கொளம் ஒடஞ்சதுல." பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். கை மடியில் அசையாமல் கிடந்தது.

எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அது விட்டபோது எனக்குள் ஒரே நாள் பல தடவை நடந்திருந்தது. அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அதில் எந்தக் காட்சியிலும் பெயர் எழுதியிருக்காது. தண்ணீரின் நிறம் ஒன்றுதான். குளிர் ஒன்றுதான். ஒரே வேப்பமரம் ஒரே நேரத்தில் நான்கு பக்கத்திலிருந்து விழுகிறது. யாராவது யாரையாவது பார்க்கும்போதுதான் பிரிக்க முடியும். அண்ணாச்சியின் முகம் தெரிந்தால், அது அண்ணாச்சியின் கண் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அண்ணாச்சி மாடிக்கு ஏறிய பிறகு ஏணியை மேலே இழுத்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே அவர் தம்பி நின்றிருந்தான். அந்த மூன்று கண்ணும் எனக்குள் இருக்கின்றன. ஏணிப் படியின் ஈரத்தை உணர்ந்த உள்ளங்கையும் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. "மதினி, கொளுந்து கறியாப்பிலை வந்திருக்கு, கொண்டு போங்க," என்று அதே கையால் அள்ளிக் கொடுக்கிறார். நான் வாங்கிக்கொள்கிறேன். தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவன் அந்தத் தண்ணீல போனாம்லா," என்று பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொல்லுவார்.

இன்னொரு நினைவு இருந்தது. நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ரேஷன் கடையின் பின்பக்க ஜன்னல். தண்ணீர் கழுத்தளவு. இடது கை ஜன்னல் கம்பியில். வலது கைக்குள் ஒரு சின்னக் கை. அந்தச் சின்னக் கைக்குள் சாக்பீஸ், கரைந்து கூழாகி வழுவழுவென்று. பிரமுவின் உச்சந்தலை மட்டும் தெரிகிறது, ஈரத்தில் வகிடு கலைந்து. வலது கையின் பிடியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, குளிரில் விரல் மரத்துப்போன மாதிரி. பிறகு கை முழுவதும் காலி. 'விட்டுட்டேன்' என்று ஓர் எண்ணம். அதில் குரல் இல்லை. ஆணா பெண்ணா என்று அதற்கு அடையாளம் இல்லை.

யாருடைய கை அது?

அந்தப் பின்பக்கத்தை வேறு எந்தக் கண்ணும் பார்க்கவில்லை. எல்லாருடைய நாளிலும் என்னைத் தேடினேன். ஓட்டு மேலே, மரத்தில், மாடியில், தண்ணீரில், எங்குமே நான் இல்லை. ஒருவர் கண்ணிலும் படாத நான் எங்கே இருந்திருப்பேன்? யாருமே பார்க்காத அந்த ஜன்னலில்தான் இருந்திருக்க வேண்டும். அன்று காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் புத்தகக் கட்டு வாங்கப் போவதாக முந்தின நாள் நினைத்திருந்தது நினைவிருந்தது. போனேனா என்று தெரியவில்லை. காலை பஸ் போனது, ஊருக்குத் திரும்பி வரவில்லை என்று டிப்போவில் சொன்னார்கள். நான் ஏறியதைப் பார்த்ததாகச் சொல்ல யாருக்கும் அந்த நாள் இல்லை.

நயினாரிடம் கேட்டுப் பார்த்தேன். "அன்னைக்கி நான் எங்க இருந்தேன்?"

"எந்த அன்னைக்கி?" என்றார். நான் சொன்னதும், "அது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று வருத்தத்தோடு கேட்டார். உண்மையான வருத்தம்தான். ஒரு பாடத்தைப் படிக்காமல் வந்த பிள்ளையின் வருத்தம்.

அவர் துக்கமே இல்லாதவராக ஆகிவிடவில்லை. அதை டாக்டர்கள் எதிர்பார்க்கவில்லை. நவம்பர் 22 வரை பிரமு இருக்கிறாள், 24 முதல் இல்லை, நடுவில் எதுவும் இல்லை. செத்துப்போனவளாக அல்லாமல் வெளியே போனவளாகவே அவருக்குள் இருந்தாள். சாயங்காலம் வாசற்கதவின் கொண்டியைப் போட மாட்டார். "ஏன்?" என்றால், "வாரவங்க வருவாவ," என்பார்.

விசாரணைக் கமிஷன் வந்தது. அன்று காலையிலேயே கரையில் கசிவைப் பார்த்த யாரோ ஒருவர் பொதுப்பணித் துறைக்குப் போன் செய்திருக்கிறார்; "சாயங்காலம் ஆள் அனுப்புதோம்," என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. அதைச் சொன்னேன். வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அது உங்க நினைவாம்மா?"

"இல்ல."

"யாரோடது?"

"தெரியாது."

அவர் பேனாவை மூடினார். பார்த்தவர் என்று கையெழுத்துப் போட ஊரில் ஒருவர்கூட இல்லை. டாக்டரின் முகாம் ஏன் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு அக்கறையாக வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

முதல் வருஷம் அந்தத் தேதி வந்தபோது, பலகையில் மூன்றாவது வரியாக 'பெரியமடைக் குளம் உடைந்தது' என்று எழுதினேன். போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். பாடும் பெட்டியையும் போஸையும் வாசித்த அதே முகத்தோடு மூன்றாவதையும் வாசித்தார்கள். "நம்ம ஊரு பேரு வந்திருக்கு பாரு," என்றார் ஒருவர். அவருடைய மனைவியும் போனவர்களில் ஒருத்தி.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், எல்லாரும் மாடியில் நின்றார்கள்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஒருவரும் குடை பிடிக்கவில்லை. பேச்சி மதினி புது வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றாள்.

"என்ன மதினி, மழையில நிக்கிய?"

"சும்மாதான். வத்தல் காஞ்சிட்டான்னு பாக்க வந்தேன்." கையில் தட்டும் இல்லை, மாடியில் வத்தலும் இல்லை.

அண்ணாச்சி டேங்கில் தண்ணீர் பார்க்க ஏறினாராம். எதிர்வீட்டுப் பையன்களுக்குப் போனில் சிக்னல் கிடைக்கவில்லையாம். ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். யாரும் கீழே தெருவைப் பார்க்கவில்லை. நயினார் எங்கள் மாடியில் நின்று வலது கையை மூடித் திறந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சங்கு ஊதி முடிந்த மாதிரி, எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள். எதற்கு ஏறினோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் அது நடந்தது. வருஷத்துக்கு வருஷம் காரணங்கள் மட்டும் மாறின.

அந்தத் தேதியில் இன்னொரு வழக்கமும் உண்டாயிற்று. மேலத்தெருவின் சுமைதாங்கி தேவசகாயம், ஓய்வுபெற்ற தபால்காரர், அன்று நூலகத்துக்கு வருவார். மற்ற நாட்களில் வர மாட்டார். ஒரு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்காருவார். வாசிக்க மாட்டார். என்னைப் பார்ப்பார். அது ஆண் ஒருவன் பெண்ணைப் பார்க்கிற பார்வை இல்லை. அதனால் நானும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருஷம் எழுந்து போகும்போது மேஜையருகில் நின்றார்.

"ரொம்பத் தூரம் ஓடினிய, தாயி," என்றார்.

வாழ்க்கையைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நீங்களுந்தான்," என்றேன். அவர் பேப்பரை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். போன தவக்காலத்தில் இறந்துவிட்டார்.

பிரமு இருந்திருந்தால் இந்த வருஷம் கல்லூரிக்குப் போயிருப்பாள். ஐப்பசி மழை தொடங்கியபோது டாக்டர் வைதேகி மறுபடியும் வந்தார். தலை நரைத்திருந்தது. நூலகத்தில், தேவசகாயம் வழக்கமாக உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன் உலகம்மாள். இப்ப ஆள் தேவையில்ல. மிஷின்லயே ஏத்தி வெச்சுடலாம். உங்க சுமையை இறக்கிடலாம்."

"மிஷின்ல யாரு பாப்பா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. பத்திரமா இருக்கும்."

"எல்லாம் போயிருமா?"

"வாங்கின நாள் எல்லாமே."

பல வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "மத்தவங்களுத எடுத்துக்கோங்க. எது எம் நாளுன்னு மட்டும் பிரிச்சுச் சொல்லிருங்க. ஒரு கை இருக்கு, டாக்டர். எம் மகளப் பிடிச்சிருந்து விட்ட கை. அது என் கையான்னு எனக்குத் தெரியணும். ஆமான்னாலும் சரி."

அவர் மேஜைமேல் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"உங்க நாள் உங்ககிட்ட இல்லையே," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வாங்கிக்கிறவங்க நாளை முதல்ல எடுத்துட்டுத்தான் மத்தவங்க நாளை வைப்போம். இல்லேன்னா ரெண்டும் மோதும். அன்னைக்கே சொன்னோமே."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டதான். தலையாட்டினீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பீங்க. அது எங்களுக்கும் தெரியும்."

"அப்பம் எம் நாளு யாருகிட்ட?"

"கீழத்தெரு சுமைதாங்கியோடது மேலத்தெருவுக்கு. தேவசகாயம்னு ஒருத்தர்."

வெளியே மழை வலுத்தது. ரொம்பத் தூரம் ஓடினிய, தாயி. திருநெல்வேலி ரோட்டில் எந்த இடத்தில் பஸ் நின்றதோ அங்கிருந்து நான் ஊரைப் பார்த்து ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தை அவர் தன் காலில் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை, ஓடியவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அது யாரிடமும் இல்லை.

ஜன்னலில் இருந்தது நான் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குள் வேறொன்று என்னை உலுக்கிவிட்டது.

காலை.

பலகை, ஸ்டூல், பாடும் பெட்டி, மழைத் தூறல். அதுவும் நவம்பர் 23-தான். என் நாள் என்னிடம் இல்லையென்றால், அந்தக் காலை மட்டும் எப்படி என்னிடம் இருக்கிறது? தண்ணீரை மட்டுமே பிரித்துப் பார்த்த நான், காலையை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அது என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு பெண் ஸ்டூலிலிருந்து இறங்குகிறாள். கொண்டை பின்கழுத்தில் சரிந்து கிடக்கிறது. முதுகில் வெள்ளையாக ஒரு கைத்தடம்.

தன் முதுகை யாரால் பார்க்க முடியும்?

இத்தனை வருஷமும் நான் என்னையே ஒரு சைக்கிளின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கைப் பிடித்த கை என் நினைவில் இருக்கிறது. ரப்பர் வழுக்குகிறது. மெதுவாக, மறுபடி மறுபடி, அந்தப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். வலது கை. மூன்று விரல் கம்பியைச் சுற்றி வளைகின்றன. நான்காவது விரல் வளையவில்லை. அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

ஜன்னலில் பிடித்திருந்த கையிலும் அதே இடம்தான் காலி. குளிரில் மரத்தது என்று நான் நினைத்திருந்த அந்த இடம்.

டாக்டர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கைக்குள் இருந்தேன். மூன்று விரலும் கட்டைவிரலும் கடைசி வரை மூடித்தான் இருக்கின்றன. திறக்கவே இல்லை. சாக்பீஸ் கூழில் வழுக்கிய சின்னக் கை, விரல் இல்லாத அந்த இடைவெளி வழியாக உருவிக்கொண்டு போகிறது. போன பிறகும் அந்தக் கை மூடியே இருக்கிறது. 'விட்டுட்டேன்' என்று நினைத்தது அவர். நினைத்ததுதான். நடந்தது அது இல்லை.

மண்டபத்தில், வாய் திறக்காமல், கையை மூடித் திறந்து மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இதை யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல யாருக்கும் தெரியவில்லை. இன்று தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். கேட்க வேண்டியவர் அதைக் கொடுத்துவிட்டார்.

"எப்ப வெச்சுக்கலாம்?" என்றார் டாக்டர். "அரை நாள் வேலைதான்."

"வேண்டாம்."

"இவ்வளவு நாள் சுமந்தது போதாதா?"

"இல்ல டாக்டர். நீங்க போயிட்டு வாங்க."

இந்த வருஷம் நவம்பர் 23 அன்று வழக்கம்போல ஸ்டூல் போட்டு ஏறினேன். முதலில் பாடும் பெட்டி. அதன்பின் போஸ். அதன்பின் குளம். நயினார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார். அவருக்கும் வயதாகிவிட்டது, இருந்தும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள இறங்கி வந்தார். நான் இறங்கி, சாக்பீஸை வைத்துவிட்டு, அவருடைய வலது கையைப் பிடித்தேன். தெருவில் அப்படியெல்லாம் பிடிப்பவர்கள் இல்லை நாங்கள். அவருக்குக் கூச்சமாகப் போயிற்று.

"என்ன உலகு? ஆள் பாக்காவ."

"நீங்க விடலை," என்றேன்.

"எதை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். ஏதோ ஒன்று வருவதற்கு அவர் காத்திருந்ததைப் போல இருந்தது. வரவில்லை.

"சரி, விடலை," என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "மழை வலுக்கும் போல. சீக்கிரம் வீட்டுக்கு வா. நான் மாடியில டேங்கப் பாக்கணும்."

பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு மிதித்துப் போனார். நான் பிழை பார்க்கப் பலகைப் பக்கம் திரும்பினேன். முதுகில் தூறல் விழுந்தது.

அந்தப் பச்சைச் சேலை வெள்ளத்தில் போயிற்றா, நான் ஓடிய மழையில் அதற்கு முன்பே தடம் கரைந்ததா என்று யாருக்கும் தெரியாது. தேவசகாயத்துக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலையில், நயினார் பார்த்துக்கொண்டிருக்கையில், என் இடது தோளுக்குக் கீழே ஐந்து விரலும் விரிந்த அந்த வெள்ளைத் தடம் இருக்கிறது.